பாசி காய வைக்கும் அம்மாவை ஜப்பானிய மொழியில் எப்படிச் சொல்வது?

கேள்வி: எனக்கு ஊர் பாம்பன். ராமநாதபுரத்தில் பி.ஏ. இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். அப்பா விசைப்படகில் கூலிக்குப் போகிறார். அம்மா மாதம் 12 நாள் பாசி எடுக்கப் போகிறார். ஒன்றரை வருடமாகப் போனிலேயே, ஆங்கில விளக்கத்தை வைத்து ஜப்பானிய மொழி படித்து வருகிறேன். கொரெ, சொரெ, அரெ என்ற சுட்டுகளில் 'சொரெ' இன்னும் குழப்புகிறது. நாடகம் பார்த்து ஆசைப்பட்டுக் கொரிய மொழியும் ஆரம்பித்தேன். வேலை கிடைக்கும் என்று ஒருவர் சொன்னதால் நாலு மாதமாகச் சீன மொழியும் படிக்கிறேன். இதற்கு நடுவில் ஒரு பேப்பர் அரியர் விழுந்துவிட்டது. பிப்ரவரியில் பரிமாற்றத் திட்டத்தில் ஜப்பானிலிருந்து ஒரு மாணவியும் கொரியாவிலிருந்து ஒரு மாணவியும் எங்கள் கல்லூரிக்கு வருகிறார்கள். 10 நாள் மாணவர் வீட்டில் தங்க வேண்டும். நான் கை தூக்கிவிட்டேன். எங்கள் வீட்டில் ஒரே அறை, ஒரு திண்ணை, கழிப்பறை பின்னால் இருக்கிறது. கட்டில் இல்லை. "பாயிலயா படுக்க வைப்ப? வாசல் பூரா பாசி நாத்தம் வேற" என்று அம்மா கேட்கிறார். அக்கம்பக்கத்தில் வேறு பேசுகிறார்கள். முடியாது என்று சொல்லிவிடட்டுமா? மூன்றில் எந்த மொழியைத் தொடர்வது? வந்தால் அம்மா அவர்களோடு எப்படிப் பேசுவார்? (பெயர் வேண்டாம், பாம்பன்)

அன்பு மகளுக்கு,

பாயிலிருந்தே ஆரம்பிக்கிறேன். அம்மாவை அழுத்துவது அதுதான். ஜப்பானில் பழைய முறையில் கட்டிய வீடுகளில் தரையே பாய்தான். தத்தாமி என்பார்கள், நம் கோரை மாதிரி ஒரு புல்லில் நெய்தது. அதன்மேல் மெத்தையை விரித்துப் படுத்து, காலையில் மடித்து அலமாரிக்குள் வைத்துவிடுவார்கள். கொரியாவில் தரைக்கு அடியில் சூடு ஓடவிட்டு அதன்மேல் விரித்துப் படுப்பது தலைமுறை தலைமுறையாக வந்த பழக்கம். இப்போது இரண்டு நாட்டிலும் கட்டில் நிறைய வந்துவிட்டது, உன் விருந்தாளிகள் கட்டிலில் வளர்ந்தவர்களாகவே இருக்கலாம். ஆனாலும் தரையில் படுப்பதை அவர்கள் குறைவாக நினைக்க மாட்டார்கள். வாசலில் செருப்பைக் கழற்றுவதும், தரையில் உட்கார்ந்து சாப்பிடுவதும் அங்கேயும் உண்டு. இரண்டு புதுப் பாய், இரண்டு தலையணை, ஒரு கொசுவலை போதும். இதை அம்மாவிடம் இன்றைக்கே சொல்லிவிடு.

கழிப்பறையும் தண்ணீரும் அப்படி இல்லை, அதை முன்கூட்டியே எழுதித்தான் ஆக வேண்டும். வீட்டை உள்ளது உள்ளபடி நாலு போட்டோ எடு. திண்ணை, அறை, பின்னால் இருக்கும் கழிப்பறை, பாசி காயும் வாசல். கல்லூரி வழியாக இரண்டு பேருக்கும் அனுப்பு. குடிதண்ணீரை விலைக்கு வாங்குகிறோம், குளிக்க வாளித் தண்ணீர், நாங்கள் காலையில் குளிப்போம் என்று எழுது. ஜப்பானியர்கள் பெரும்பாலும் ராத்திரி படுக்கப் போகும் முன்தான் குளிப்பார்கள். அதனால் சாயங்காலம் ஒரு வாளி அதிகம் பிடித்து வைக்க வேண்டியிருக்கும். போட்டோவைப் பார்த்துவிட்டு வேறு வீடு கேட்டால் கேட்கட்டும், அதில் உனக்கு அவமானம் எதுவும் இல்லை. தெரிந்து வருகிறவர் முதல் நாளே முகம் சுளிக்க மாட்டார். உனக்கும் எதையும் மறைத்துக்கொண்டு திரிய வேண்டிய பாடு இருக்காது.

முடியாது என்று சொல்லிவிடட்டுமா என்று கேட்கிறாய். வெட்கத்துக்காகச் சொல்லாதே. அம்மாவின் வேலைக்காக என்றால் யோசி. மாதத்தில் 12 நாள்தான் பாசிக்குப் போகிறார். அதில் அஞ்சு நாள் சமையல், உபசாரம் என்று வீட்டில் உட்கார்ந்தால் அந்த மாதச் சம்பாத்தியம் என்ன ஆகும்? கல்லூரி சாப்பாட்டுச் செலவு தருகிறதா, எவ்வளவு, முன்கூட்டியே தருமா என்று துறைத் தலைவரிடம் நேராகக் கேள். தரவில்லை என்றால் இரண்டு மாணவியரில் ஒருவரை மட்டும் ஏற்றுக்கொள், அல்லது பத்து நாளை இரண்டு வீட்டுக்குப் பிரித்துக் கொடுக்கச் சொல். இதெல்லாம் கேட்கக் கூடாத விஷயம் இல்லை. பிப்ரவரி என்பது ஒரு வகையில் நல்லதுதான். ஜப்பானில் ஏப்ரலிலும் கொரியாவில் மார்ச்சிலும் கல்வியாண்டு தொடங்குவதால் அவர்களுக்கு அப்போது லீவு. நமக்கும் ஏப்ரல் 15-இல் தொடங்கும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது, அப்பாவுக்குத் தொழில் ஓடிக்கொண்டிருக்கும்.

சாப்பாட்டில் ஒன்றே ஒன்று. தட்டில் ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் சாப்பிடுவது ஜப்பானில் மரியாதை. காலியான தட்டில் மறுபடி சோறு போடுவது நம் வீட்டில் மரியாதை. இரண்டும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார். எங்கள் வீட்டில் தங்கிய ஒரு பெண் மூன்று முறை தட்டைக் காலி செய்தாள், என் அம்மா மூன்று முறையும் போட்டார். நாலாவது கரண்டி வந்தபோது அந்தப் பெண்ணின் கண் கலங்கிவிட்டது. வேண்டாம் என்று முகத்துக்கு நேரே சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. "ச்சொத்தோ..." என்று இழுத்தாள். 'கொஞ்சம்' என்று அர்த்தம். இப்படி இழுத்து நிறுத்தினால் அது 'வேண்டாம்' என்று நாம் புரிந்துகொள்ள வேண்டும். அம்மாவுக்கு அது எப்படித் தெரியும்? அதனால் வந்த அன்றைக்கே, முதல் சாப்பாட்டுக்கு முன்னாலேயே, இருவருக்கும் 'போதும்' என்ற சொல்லையும், தட்டுக்கு மேல் கையைக் குறுக்கே காட்டுவதையும் சொல்லிக் கொடுத்துவிடு. காரத்தைக் குறைத்து, மிளகாய்ப் பொடி போடாத மீன் இரண்டு துண்டு தனியே பொரித்து வைத்தால் போதும். தலையோடு முள்ளோடு இருக்கும் மீன் அவர்களுக்குப் புதிதே இல்லை.

இனி மொழி. ஜப்பானிய மொழியைத் தொடர். ஒன்றரை வருடம் உழைத்திருக்கிறாய், அதைப் பாதியில் விட்டுவிட்டு வேறொன்றில் மறுபடி அ, ஆ எழுதத் தேவையில்லை. சீனத்தை இப்போதைக்கு மூடி வை. அது எனக்குப் பிடிக்காத மொழி இல்லை. ஆனால் அதன் வாக்கிய அமைப்பு வேறு, ஒரே அசை சுரம் மாறினால் பொருள் மாறும். போனை மட்டும் வைத்துக்கொண்டு தனியாகப் பழகக் கூடியது இல்லை. கொரிய மொழியில் எழுத்தை மட்டும் படித்துக்கொள். அடிப்படை எழுத்து 24 தான், ஒரு வாரம் பிடிக்கும். நம் 'க' கடலில் ஒரு மாதிரியும் அகலில் ஒரு மாதிரியும் ஒலிக்கிறதே, கொரிய எழுத்தும் அப்படித்தான், சொல்லின் முதலில் ஒரு ஒலி, நடுவில் ஒரு ஒலி. வருகிற பெண்ணின் பெயரை அவள் எழுத்தில் எழுதத் தெரிந்தால் இப்போதைக்குப் போதும்.

ஆங்கில விளக்கத்தை வைத்து ஜப்பானிய மொழி படிக்கிறேன் என்று எழுதியிருக்கிறாய். அதை விட்டுவிடு. நோட்டில் தமிழில் எழுது. 'தாபெதெ மிதெ குதசாய்' என்பதை ஆங்கிலத்தில் விளக்க ஒரு பத்தி தேவைப்படும். தமிழில் 'சாப்பிட்டுப் பாருங்கள்', அவ்வளவுதான். 'மிரு' என்றால் பார். சாப்பிட்டு, பார், அதே வரிசை, அதே பொருள். 'வாங்கி வை' என்பதில் வரும் 'வை', 'சாப்பிட்டுவிட்டேன்' என்பதில் வரும் 'விடு', இரண்டுக்கும் ஜப்பானிய மொழியில் அப்படியே ஈடு உண்டு. 'கு' வேற்றுமைக்கு 'நி', 'ஐ'க்கு 'ஒ', 'உம்' வரும் இடத்தில் 'மொ', கேள்விக்கு நாம் 'ஆ' போடுகிற இடத்தில் 'கா'. வினை கடைசியில்தான் வரும். குறில் நெடில் நமக்கு ரத்தத்தில் ஊறியது. ஒபசன் என்றால் அத்தை, நீட்டி ஒபாசன் என்றால் பாட்டி. மற்ற நாட்டு மாணவர்கள் மாதக்கணக்கில் தடுமாறும் இடம் இது. நீ ஒரு தடவை கேட்டாலே பிடித்துவிடுவாய். கிதெ, கித்தெ என்ற வேறுபாடும் நமக்குப் படு, பட்டு போலத்தான். நமக்குக் கஷ்டம் வேறு இடத்தில். க-வும் அதன் மெலிந்த ஒலியும் அங்கே வேறு வேறு எழுத்து, மாற்றினால் சொல்லே மாறிவிடும். அதில் காது கொடுத்துப் பழகு.

இன்னொன்று. கொரெ, சொரெ, அரெ என்று மூன்று சுட்டு உண்டே, நடுவில் இருக்கும் 'சொரெ' குழப்புகிறது என்று எழுதியிருந்தாய். எனக்கு அருகில் இருப்பது கொரெ, உனக்கு அருகில் இருப்பது சொரெ, இருவருக்கும் தள்ளி இருப்பது அரெ. மண்டபம் முகாமில் இருக்கும் ஈழத்து மக்கள் "உது என்ன?" என்று கேட்பதைக் கேட்டிருப்பாய். உன் கையில் இருக்கும் அந்தப் பொருள் 'உது'. தொல்காப்பியம் அ, இ, உ மூன்றையும் சுட்டு என்கிறது. நாம் நடுவில் இருந்ததைத் தொலைத்துவிட்டோம், கடலுக்கு அந்தப் பக்கம் வைத்திருக்கிறார்கள். கொரெ, சொரெ, அரெ: இது, உது, அது. இனி மறக்காது.

இவ்வளவு ஒற்றுமை இருப்பதால் இரண்டும் ஒரே தாய் வயிற்றில் பிறந்த மொழிகள் என்று காட்டும் காணொளிகள் நிறைய வரும். ஜப்பானிய அறிஞர் சுசுமு ஓனோ தமிழோடு உறவு உண்டு என்று வாதிட்டார். கொரிய மொழியைத் திராவிட மொழிகளோடு ஒப்பிட்டு ஹோமர் ஹல்பர்ட் 1905-இலேயே எழுதினார். மொழியியலாளர்களில் பெரும்பாலோர் ஏற்கவில்லை. அமைப்பு ஒத்திருப்பது வேறு, உறவு என்பது வேறு. ஒற்றுமையைப் படிப்புக்குப் பயன்படுத்து, வாதத்துக்கு நேரம் செலவழிக்காதே.

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல நினைப்பது. உன் பாடப்புத்தகத்தில் ஸ்டேஷன் எங்கே, நூலகம் எத்தனை மணிக்குத் திறக்கும் என்றெல்லாம் வரும். உன் வீட்டு வாசலில் வந்து நிற்கும் பெண் அதையா கேட்கப் போகிறாள்? "அம்மா என்ன காய வைக்கிறார்?" என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும். அதற்குப் பதில் சொல்ல உனக்குச் சொல் இருக்கிறதா? கடல் உமி, படகு ஃபுனெ, வலை அமி, அலை நமி, உப்பு ஷியோ, நண்டு கனி, இறால் எபி, கணவாய் இகா, கடற்பாசி கைசோ. பிப்ரவரிக்குள் புத்தகத்தை விட்டுவிட்டு இந்தச் சொற்களை வைத்து உன் வீட்டைச் சொல்லிப் பழகு. அப்பா ராத்திரி எத்தனை மணிக்குப் போவார், எப்போது கரைக்கு வருவார், அம்மா எடுக்கும் பாசி எங்கே போகிறது, எதற்கு. ஒரு நாளைக்கு மூன்று வாக்கியம். மூன்று மொழியை வைத்துக்கொண்டு இதைச் செய்ய முடியாது, ஒன்றைப் பிடி என்று நான் சொல்வதற்குக் காரணமும் அதுதான்.

நாத்தம் என்று அம்மா சொல்கிற அந்தப் பாசிக்கு ஜப்பானில் என்ன மரியாதை தெரியுமா? பாசியைக் காய்ச்சி எடுக்கும் அகரை அங்கே கண்டென் என்பார்கள், அவர்களுடைய பழைய இனிப்புகள் பல அதில்தான் உறைகின்றன. கீழக்கரையில் நோன்பு திறக்கும்போது கண்ணாடி மாதிரி வெட்டி வைக்கும் கடல்பாசியும் அந்தச் சரக்குதான். உன் தோழிகளில் யாராவது கீழக்கரைப் பெண் இருந்தால் ஒரு நாள் செய்து தரச் சொல், ஜப்பானியப் பெண் வாயில் போட்டதுமே அடையாளம் கண்டுகொள்வாள்.

அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. உன் அம்மா கண்ணாடி மாட்டி, விரலில் துணி சுற்றிக்கொண்டு, மூச்சை அடக்கிக் கடலுக்குள் போகிறார். ஜப்பானில் மியெ பகுதிக் கடற்கரையில் இப்படி மூச்சடக்கி மூழ்கும் பெண்களுக்கு அமா என்று பெயர். கொரியாவின் ஜேஜு தீவில் ஹேன்யோ என்பார்கள். அந்த ஹேன்யோ பெண்களின் வாழ்க்கை முறையை யுனெஸ்கோ 2016-இல் மனித குலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. அறுபது, எழுபது வயதுப் பெண்கள்கூட இன்னும் மூழ்குகிறார்கள். உன் வீட்டுக்கு வரும் இரண்டு பெண்களுக்கும் இது தெரிந்த விஷயம். "என் அம்மா அமா", "என் அம்மா ஹேன்யோ" என்று நீ சொன்னால் போதும், மேலே விளக்கம் தேவைப்படாது. மறைக்க நினைத்த வாசலைத்தான் அவர்கள் முதலில் பார்க்க ஆசைப்படுவார்கள்.

ஆனால் ஆசைப்பட்டார்கள் என்று அம்மாவின் படகில் தீவுப் பக்கம் ஏற்றிவிடாதே. மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவின் 21 தீவுகளுக்கும் வனத்துறை அனுமதி வேண்டும். பாசி எடுக்கும் பெண்களுக்கே அங்கே எவ்வளவு நெருக்கடி என்று உனக்குத் தெரியும், வெளிநாட்டுக்காரர் இருக்கும் படகு என்றால் அம்மாவின் பிழைப்புக்கே ஆபத்து. கரையிலிருந்து பார்க்கட்டும். பவளம், கடல்குதிரை, கடல் அட்டை எதையும் நினைவுப் பொருளாக எடுத்துப் போக விடாதே, எல்லாம் சட்டப்படி பாதுகாக்கப்பட்டவை. டிரோன் வேண்டவே வேண்டாம், இது எல்லைக் கடல். அப்புறம், வெளிநாட்டவர் லாட்ஜில் தங்கினாலும் வீட்டில் தங்கினாலும் 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் பதிய வேண்டும். 'சி ஃபார்ம்' என்று பேச்சில் சொல்வார்கள். அதை யார் பதிவார்கள் என்று கல்லூரியிடம் எழுத்தில் வாங்கிக்கொள், உள்ளூர் காவல் நிலையத்திலும் ஒரு வார்த்தை சொல்லி வை. ஸ்டேஷனில் சொல்லியாகிவிட்டது என்று தெரிந்தாலே அக்கம்பக்கத்துப் பேச்சும் பாதி அடங்கிவிடும். மீதிக்கு, வந்த மறுநாளே நாலு வீட்டுக்கு அழைத்துப் போய் அறிமுகம் செய்துவிடு.

கொரியர்களின் புத்தாண்டு சில வருடம் ஜனவரியில் வரும், சில வருடம் பிப்ரவரியில். அந்த நாட்களுக்குள் விழுந்தால் அந்தப் பெண் வீட்டை நினைத்து ஏங்குவாள், போன் பேசத் தனியிடம் கொடு. ஜப்பானியர் 1873-இலிருந்து ஜனவரி 1-ஐத்தான் கொண்டாடுகிறார்கள், இருவருக்கும் சேர்த்து வாழ்த்துச் சொல்லிவிடாதே.

பெரியபட்டினத்துக்கு ஒரு நாள் போய் வாருங்கள். அங்கே மண்ணில் சீனப் பீங்கான் துண்டுகள் கிடைத்தன, பழைய கடல் வணிகத்தின் மிச்சம். அதை ஆராய்ந்தவர்களில் ஒருவர் ஜப்பானிய அறிஞர் நொபொரு கராஷிமா. தமிழ்க் கல்வெட்டுகளைப் படிப்பதிலேயே வாழ்நாளைச் செலவிட்டவர். 1995-இல் தஞ்சாவூரில் நடந்த உலகத் தமிழ் மாநாட்டுக்குத் தலைமை ஏற்றார். ஜப்பானியப் பெண்ணுக்கு அவர் பெயரை நீ சொல்வது நன்றாக இருக்கும்.

படிப்புக்கு வருகிறேன். அரியரை முதலில் எழுதி முடி. இதை அம்மா சொல்கிற மாதிரி எடுத்துக்கொள்ளாதே, காரணம் இருக்கிறது. ஜப்பானில் அலுவலக வேலைக்கான விசாவுக்குப் பொதுவாகப் பட்டம் கேட்பார்கள், மொழி மட்டும் போதாது. ஜப்பானிய மொழித் தகுதித் தேர்வு என்5-இல் தொடங்கி என்1 வரை ஐந்து நிலை. ஜூலை, டிசம்பர் என்று வருடம் இரண்டு முறை. சென்னையில் எழுதலாம். டிசம்பர் என்றால் மழையில் ரயில் தாமதமாகும், நம் ஊரிலிருந்து ஒரு நாள் முன்பே போய்விட வேண்டும். ஜூலைக்கு விண்ணப்பி, என்4 எழுது. மாதங்களுக்கு முன்பே விண்ணப்பம் முடிந்துவிடும் என்பதை மறக்காதே. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் நான் வேலை பார்த்த வருடங்களில் என்3 வந்தவர்களைத்தான் நேர்முகத்துக்கே கூப்பிட்டார்கள், மொழிபெயர்ப்புக்கு என்2. அந்தத் தேர்வில் பேச்சு கிடையாது. பேச்சுக்கு உனக்கு இந்தப் பத்து நாள் கிடைத்திருக்கிறது. லட்சக்கணக்கில் பணம் கட்டினால் ஜப்பானில் வேலை என்று யாராவது வந்தால், வெளியுறவு அமைச்சகத்தில் பதிவு பெற்ற முகவரா என்று பார்க்காமல் அப்பாவின் கையெழுத்தை எதிலும் வாங்கிக் கொடுக்காதே.

அந்தப் பத்து நாள் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும், நான் செய்த தப்பு அது. தட்டைக் காலி செய்தாள் என்றேனே, அந்தப் பெண் ஆறு வாரம் எங்கள் வீட்டில் இருந்தாள். காலை எழுந்ததிலிருந்து அவளிடம் ஜப்பானிய மொழியிலேயே பேசி, நோட்டைத் திருத்தச் சொல்லி, உச்சரிப்பைச் சரிபார்க்கச் சொல்லி உயிரை எடுத்தேன். நாலாம் நாள் தலைவலி என்று அறையிலேயே இருந்துவிட்டாள். சாயங்காலம் நான் கடைக்குப் போய்த் திரும்பினால், கொல்லைப்புறத்தில் என் அம்மா அரிவாள்மனையில் சூடை ஆய்ந்துகொண்டிருக்கிறார், பக்கத்தில் அவள் குத்தவைத்து உட்கார்ந்திருக்கிறாள். ஒரு மீனைத் தூக்கிக் காட்டி "இவாஷி" என்றாள். அம்மா "சூடை" என்றார். "சூதை." "சூடை." இரண்டு பேரும் மாறி மாறிச் சொன்னார்கள். கை முழுக்கச் செதில், முகத்தில் நாலு நாளாக நான் பார்க்காத சிரிப்பு. எங்கள் ஊரைப் பார்க்க வந்தவளைச் சம்பளமில்லாத வாத்தியார் ஆக்கியிருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது. அதற்குப் பிறகு அரை மணி நேரம் அவளுக்குத் தமிழ், அரை மணி நேரம் எனக்கு ஜப்பானியம், மற்ற நேரம் எது வருகிறதோ அது என்று வைத்துக்கொண்டோம். நீ முதல் நாளிலிருந்தே அப்படி வைத்துக்கொள்.

அம்மா எப்படிப் பேசுவார் என்று கேட்டிருந்தாய். காலையில் "சாப்டியாம்மா?" என்று கேட்பாரே, அதைக் கேட்கட்டும். கொரியாவிலும் "சோறு சாப்பிட்டாயா?" என்பதுதான் நலம் விசாரிப்பு, அந்தப் பெண்ணுக்குத் தொனியிலேயே புரிந்துவிடும். அப்பா வலைக்குக் கிளம்பும்போது "போயிட்டு வர்றேன்" என்பார். ஜப்பானியப் பெண் அதை "இத்தெகிமஸ்" என்று சொல்லித்தான் தினமும் வீட்டைவிட்டுக் கிளம்பியிருப்பாள், போய் வருகிறேன் என்றே பொருள். அப்பாவின் அந்தத் தமிழ் வாக்கியத்தை மட்டும் அவளுக்குச் சொல்லிக் கொடு. மற்றபடி அம்மா பாசியைப் பிரிக்கும்போது அவர்கள் பக்கத்தில் போய் உட்கார்ந்தால், நீ நடுவில் புகுந்து மொழிபெயர்க்காமல் கொஞ்ச நேரம் சும்மா இரு.